வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே

தேவனாம்பட்டினத்துக்கு வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருகிறார்கள். வெள்ளிக் கடற்கரை என்று பெயர் பெற்ற மணல்வெளியில் மாலையானால் சுண்டலும் பலூனும் குழந்தைகளின் கூச்சலுமாக இருக்கிறது. அங்கிருந்து சற்று உள்ளே தள்ளி, கெடிலத்தின் கரையோரமாக, புனித டேவிட் கோட்டை இருந்த இடம். மதில் என்று சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. செடி மண்டிய மேடுகளும் அங்கங்கே தலைநீட்டும் பழைய செங்கல்லும்தான் அடையாளம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது ஆங்கிலேயர் தங்கள் தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள். 1752 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரமும் படையும் இங்கிருந்துதான் நடந்தன. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

இந்தக் கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் என்ற கேள்விக்கு அன்று கண்ட விடை பீரங்கி. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம். அதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியையும் சுடுவதில் கைதேர்ந்தவர்களையும் அனுப்பிவைத்தார்கள். எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. கடலூர் பழைய நகரமும் அந்த வளையத்துக்குள் விழுந்தது. பொழுது விடியும்போது ஒரு அரசின் குடியாகவும் பொழுது சாயும்போது ஒரு கம்பெனியின் குடியாகவும் ஆன அந்த ஊர்க்காரர்களைப் பற்றி எந்த ஏடும் பேசுவதில்லை. வாங்கியவனின் கணக்கு இருக்கிறது, விற்றவனின் கணக்கு இருக்கிறது. குண்டு விழுந்த வயலுக்குச் சொந்தக்காரன் யார்?

கடலூரிலிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கி, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பிச்சாவரத்துத் திட்டுகளைப் பார்த்துவிட்டு, சிதம்பரத்தில் முடிப்பதாகத்தான் இந்தப் பயணம். தீவு என்று படித்தவர்கள் சொல்வதை இங்கே திட்டு என்பார்கள். ஐம்பதுக்கு மேல் உண்டு. சிலவற்றில் மரம் மட்டும், சிலவற்றில் நேற்றுவரை மனிதர்கள். அந்த மனிதர்களின் கதையைக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. கோட்டைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

புறப்படும் முன் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரை ஒருமுறை சேவித்துவிட்டு, கரையேறவிட்டகுப்பம் பக்கமாகப் போனேன். பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் எறிந்த அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகக் கரை சேர்ந்த இடம் என்பது ஊரின் நம்பிக்கை. கடல் விழுங்கியதை எண்ணி எண்ணி நொந்துபோன ஒரு கரையில், கடல் திருப்பிக் கொடுத்த ஒருவரின் நினைவை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஊர்ப்பெயராகவே வைத்துக் காத்துவருகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

விழுங்கியதற்குக் குறைவில்லை. 1749 ஏப்ரலில் அடித்த புயலில் ஆங்கிலக் கடற்படையின் நாமூர் என்ற போர்க்கப்பல் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே முழுகி ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதே புயல் பெம்புரோக் என்ற இன்னொரு கப்பலைக் கொள்ளிட முகத்துவாரத்துப் பக்கம் கொண்டுபோய் மோதியது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. கடலூர்க்காரர்களிடம் பேசினால் ஆண்டுக் கணக்கே இப்படித்தான் வருகிறது: சுனாமிக்கு முந்தி, தானேவுக்கு அப்புறம், அந்தப் பெரிய வெள்ளத்தன்று. டிசம்பர் 26 வந்தால் தேவனாம்பட்டினத்துப் பெண்கள் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவி அழுகிறார்கள். அடுத்த நாள் விடியுமுன் அதே கடலுக்குப் படகு போகிறது.

பரங்கிப்பேட்டை வெள்ளாற்றின் வடகரை. போர்ச்சுக்கீசியர் இறங்கிய துறை, முகலாயர் காலத்தில் மஹ்மூது பந்தர், ஆங்கிலேயர் ஏடுகளில் போர்ட்டோ நோவோ. டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் இங்கே கிடங்கு வைத்திருந்தார்கள். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் பெரும்படையை ஆங்கிலத் தளபதி அயர் கூட் எதிர்கொண்டு முறியடித்ததும் இந்த மணல்மேடுகளுக்கிடையில்தான். கடலில் நின்ற கப்பலிலிருந்தும் அன்று சுட்டார்கள். இன்று தெருக்களில் நடந்தால் பழைய மரைக்காயர் வீடுகளின் திண்ணைகளும், பள்ளிவாசல்களின் வெள்ளை மினார்களும், தர்காக்களும் கண்ணில் படுகின்றன. பல வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வருகிறது. துறைமுகம் மணல் தட்டி அடைந்துபோனாலும் ஊரார் கடல் தாண்டிப் போவதை விடவில்லை.

இந்த ஊரில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது இரும்பு ஆலையின் கதை. ஜோசய்யா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830 வாக்கில் இங்கே உலை மூட்டினார். தாது சேலத்து மலைகளிலிருந்து வர வேண்டும். பரிசல்களில் ஏற்றி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதக்கவிட்டு இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள். கரி? நாடு முழுக்கக் காடு இருக்கிறதே என்று நினைத்தார்கள் போலும். இரும்பு இங்கிலாந்து வரை போனது. நல்ல இரும்பு என்று பெயரும் எடுத்தது. ஆனால் உலைக்குப் போடும் மரம் கிட்டத்தில் தீர்ந்து, தூரத்தில் தேட வேண்டியதாகி, கரியின் விலை ஏறி ஏறி ஆலை அந்த நூற்றாண்டு முடியுமுன்னே அணைந்தது. காட்டைக் கணக்கில் எடுக்காத வியாபாரம் எப்படி முடியும் என்பதற்கு வெள்ளாற்றங்கரையில் நடந்த பாடம் அது. அடுத்த நூற்றாண்டில் பிச்சாவரத்தில் அதே பாடத்தை வேறு விதமாக மறுபடி படிக்க வேண்டிவந்தது.

அதே கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையமும் இருக்கிறது. பல பத்தாண்டுகளாக ஆர். வி. சேஷையாவும் அவர் வழிவந்தவர்களும் வெள்ளாற்று முகத்துவாரத்தின் மீனையும் சேற்றையும் உப்பையும் நாள்தோறும் அளந்துவருகிறார்கள். பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து உண்டான ஒரு மரத்தை ஆய்வாளர் கதிரேசன் கண்டு சொல்லி, அதற்கு ரைசோபோரா அண்ணாமலயானா என்று பெயர் வைத்தது இங்கிருந்துதான். ஒரு கழிமுகத்தை இத்தனை ஆண்டு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது நம் நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

வெள்ளாற்றைத் தாண்டினால் கிள்ளை. சாலையின் இரு பக்கமும் இறால் குட்டைகள், உமரிச் செடி சிவந்து படர்ந்த உவர்நிலம், நடுநடுவே நெல். மாசி மகத்துக்கு இந்த வழியாகத்தான் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் கடலாட வருகிறார். உள்நாட்டிலிருந்து ஊர் ஊராகத் தங்கி வருகிற அந்தப் பயணத்தில் கிள்ளைத் தைக்காலில் ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே தர்காக்காரர்கள் பெருமாளுக்கு மாலையும் பட்டும் கொடுத்து வரவேற்கிறார்கள். பாத்தியா ஓதுகிறார்கள். கோயில் தரப்பிலிருந்து தர்காவுக்கு மாலையும் பிரசாதமும் போகிறது. அதன்பிறகு முழுக்குத்துறையில் தீர்த்தவாரி. அங்கே காத்திருப்பவர்கள் மீனவர்கள். பெருமாள் கடலில் முழுகி எழும்போது தங்கள் கடலே புதிதாகிறது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

இதை மத நல்லிணக்கம் என்று ஒரு வாசகத்தில் அடக்கிச் செய்தி போடுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். தைக்காலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்படிப் பேசவில்லை. "எங்க ஊரு வழியா போறாரு. வாசல்ல நிறுத்தி மரியாதை செய்யாம எப்படி அனுப்புறது?" என்றார். விருந்தாளி, வழி, வாசல். இந்த மூன்றைத் தவிர அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகில்தான் போக வேண்டும். மோட்டார்ப் படகும் உண்டு, ஆனால் அது அகன்ற வாய்க்கால்களோடு நின்றுவிடும். துடுப்புக்காரர் இளைஞர். ஏறியதும், "சார், இதயக்கனி பாட்டு எடுத்த இடம் காட்டட்டுமா?" என்றார். 1975-ல் எம்.ஜி.ஆர். இங்கே வந்து நடித்துப்போனது இன்னும் இந்த நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. துடுப்புக்காரர் பிறப்பதற்கு எவ்வளவோ முந்தி எடுத்த படம். தாத்தா பார்த்ததைத் தானே பார்த்த மாதிரி சொல்கிறார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெரிய நீரிலிருந்து படகு சிறு வாய்க்காலுக்குள் திரும்பியதும் வெளிச்சம் மாறுகிறது. இரு பக்கச் சுரபுன்னைகளும் தலைக்கு மேல் கைகோத்துக்கொள்கின்றன. கிளையிலிருந்து இறங்கும் விழுதுவேர்கள் படகின் விளிம்பை உரசுகின்றன. வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கிறது; சேற்றில் வண்ண நண்டு ஒன்று ஒற்றைக் கொடுக்கை ஆட்டுகிறது. சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் நீளத்துக்கு வளர்ந்து, பிறகுதான் கீழே விழுகிறது. சேறு கிடைத்தால் நட்டுக்கொள்கிறது, தண்ணீர் ஓடினால் மிதந்து போய் வேறு திட்டில் ஊன்றுகிறது. வாய்க்கால் ஓரத்தில் சுரபுன்னை. உள்ளே போனால் பெரும்பகுதியும் வெண்கண்டல், சேற்றிலிருந்து மேல்நோக்கி விரல் விரலாக மூச்சுவேர் நீட்டியிருக்கும். இன்னும் மேட்டில், அங்கங்கே தில்லை. தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று துடுப்புக்காரர் எச்சரித்தார். கிளையை ஒடிக்க அவர் கை ஒருபோதும் போகாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைக் கொடுத்த மரம் இது. கோயிலுக்குத் தலமரம். அந்த மரத்தை வளரும் இடத்தில் பார்க்க வேண்டுமானால் கடலோரம் வரை இப்படி வர வேண்டியிருக்கிறது.

இந்தக் காடு எப்போதும் இப்படி இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விறகுக்காகக் கூறு கூறாக இதை வெட்டினார்கள். ஒரு கூறில் மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, இருபது, இருபத்தைந்து ஆண்டில் தானே வளர்ந்துவிடும் என்று அடுத்த கூறுக்குப் போனார்கள். வளரவில்லை. நிழல் போனதும் சேற்றுத் தரை வெயிலில் காய்ந்தது. காய்ந்த மண் அமுங்கி நடுவில் தொட்டிபோல் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வெண்கண்டல்கூட முளைக்க முடியாத உப்புப் பொட்டல் ஆனது. 1970-களில் வெட்டுவதை நிறுத்தினார்கள். நிறுத்தியும் பொட்டல் பொட்டலாகவே இருந்தது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செய்தது எளிய வேலைதான்: வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். ஏற்றத்தில் நீர் வந்து, வற்றத்தில் கழுவிக்கொண்டு போனது. உப்பு இறங்கியது. பிறகு நாற்று நட்டார்கள். இன்று செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிகிற பல இடங்கள் அந்த நாட்களில் வெறும் வெள்ளைத் திட்டுகள். 2022-ல் பிச்சாவரம் ராம்சார் சாசனத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 1,479 ஹெக்டேர்.

அந்த வாய்க்கால்களை வெட்டியதிலும் நாற்று நட்டதிலும் முழங்கால் சேற்றில் நின்றவர்களில் இருளர்கள் உண்டு. நான் தேடி வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. காட்டின் விளிம்பில், கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். நகரிலும் கலைஞர் நகரிலும் அவர்கள் குடியிருப்பு. மலையிலும் காட்டிலும் பாம்பும் தேனும் எடுக்கிற இருளர்களைத்தான் நமக்குத் தெரியும். இவர்கள் உப்புத் தண்ணீர் இருளர்கள். தலைமுறை தலைமுறையாகப் படகும் வலையும் இல்லாமல் கையால் மீன்பிடித்தவர்கள். கழுத்தளவு நீரில் இறங்கி, வேர்களுக்கிடையில் சேற்றைத் தடவி, இறாலையும் நண்டையும் விரலால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியைப் பிடிக்க வேறு என்ன வழி?

ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசிய அம்மாவுக்கு அறுபது இருக்கும். கைவிரல்கள் நகக்கண் வரை வெடித்திருந்தன.

"கண்ணுக்குத் தெரியாதே அம்மா, எது இறால் எதுன்னு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எறா சறுக்கும் தம்பி. நண்டு சும்மா இருக்கும், நாம அழுத்தினாத்தான் கடிக்கும். கெளுத்தின்னா மெதுவா வெரல எடுத்துக்கணும், முள்ளு வெசம். தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு காலு சொல்லும்."

"எத்தனை மணி நேரம் தண்ணியில் இருப்பீங்க?"

"வத்தம் இருக்கற வரைக்கும். ஏத்தம் வந்தா வெளிய வந்துடுவோம். கடியாரம் எங்களுக்கு இல்லீங்க, நெலாவுதான்."

காட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்த இவர்கள்மேல்தான், மரம் குறைந்தபோதெல்லாம், காட்டை அழிக்கிறார்கள் என்று முதலில் விரல் நீண்டது. நீட்டியவர்கள் கூறு போட்டு வெட்டிய கோடாரிகளின் கணக்கைப் பார்க்கவில்லை. இதைவிட எனக்கு வலித்தது இன்னொன்று. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இருளர் பெயர் இருக்கிறது. மிகவும் நலிந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றாகவும் அரசு அவர்களை எண்ணுகிறது. இருந்தும் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு வெகுகாலம் சாதிச் சான்றிதழ் இல்லை. மீன் பிடிக்கிறவன் எப்படி இருளன் ஆவான் என்ற கேள்வி. மீனவர் என்றும் ஏற்க ஆளில்லை, ஏனென்றால் படகு இல்லை, வலை இல்லை. இரண்டு பட்டியலுக்கும் நடுவே சேற்றில் நின்றார்கள். சுவாமிநாதன் நிறுவனத்தாரும் வேறு பலரும் துணைநின்று, மனு மேல் மனுவாகப் போட்டு, 1990-களுக்குப் பிறகுதான் மெல்ல மெல்லச் சான்றிதழ், பட்டா, பள்ளிக்கூடம், படகு, வலை என்று வந்தன.

எம்.ஜி.ஆர். திட்டு காட்டின் கடற்புற விளிம்பில் இருக்கிறது. காட்டை ஊடுருவிப் படகில் போனால், மரங்கள் முடிந்து திடீரென்று வானம் அகன்று, அலைச்சத்தம் கேட்கிறது. அங்கே பட்டினவர் என்னும் மீனவர்கள் குடியிருந்தார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி. மீன் பிடிக்கிறவனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் ஏது? இரண்டு நீரும் வாசலில். இன்று நிற்பவை கூரை இல்லாத சுவர்கள், கதவு இல்லாத நிலைகள், மணலில் பாதி புதைந்த படிகள். ஒரு வீட்டின் அடுப்படித் திண்ணை மட்டும் அப்படியே இருந்தது. ஆட்டுக்கல்லின் குழியில் மழைநீர்.

2004-ல் அலை வந்தபோது இந்தத் திட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மரம்கூட இல்லை. காடு திட்டுக்குப் பின்னால் இருந்தது. அலை ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காட்டுக்குள் எறிந்தது. வேரையும் கிளையையும் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அவ்வளவு சேதம் இல்லை. அடுத்த ஆண்டே உலகின் அறிவியல் இதழ்களில் கடலூர் மாவட்டத்துக் கரையை எடுத்துக்காட்டி, மரம் இருந்த இடத்தில் உயிர் மிஞ்சியது என்று எழுதினார்கள். மரம் மட்டும் காரணமில்லை, ஊர் இருந்த உயரமும் கடலிலிருந்து இருந்த தொலைவும் பெரிய காரணம் என்று வேறு சிலர் மறுத்து எழுதினார்கள். இரண்டுமே உண்மைதான் என்று இந்த இடிபாட்டில் நின்றால் தெரிகிறது. சுற்றுலாப் பேச்சில், "காடு எங்களைக் காப்பாற்றியது" என்ற ஒரே வரிதான் வருகிறது. காடு காத்தவர்கள் உண்டு. காட்டுக்கு முன்னால் நின்று போனவர்களும் உண்டு. அவர்களைச் சொல்லாமல் அந்த வரியை முடிக்கக் கூடாது.

பிழைத்தவர்கள் கிள்ளைப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆட்களும் அப்படியே. கான்கிரீட் வீடு, சாலை, மின்சாரம், பள்ளி எல்லாம் அங்கே உண்டு. ஆனாலும் திட்டில் ஓரிரு கொட்டகைகள், காயும் வலைகள். "ராத்திரி தங்க மாட்டோம் சார். பகல்ல வந்து வலை பாப்போம்" என்றார் அங்கிருந்த ஒருவர். பழைய வீட்டுச் சுவர் எது என்று கேட்கலாமா வேண்டாமா என்று நான் தயங்கி நிற்க, அவரே கை காட்டினார். பெண்ணுக்கு எட்டு வயது என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இன்னும் தெற்கே கொள்ளிடத்தின் முகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மயிலாடுதுறை மாவட்டம். கொடியம்பாளையத்தில் இன்றும் மீனவர்கள் குடியிருக்கிறார்கள், நீரும் காடும் சூழ. அந்த முகத்துவாரத்துத் தீவு ஒன்றில்தான் தேவிக்கோட்டை இருந்தது. தீவுக்கோட்டை என்றும் சொல்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்த வழியாக வந்த பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார், இங்கே ஆண்ட சோழகன் என்ற சிற்றரசனைப் பற்றி எழுதியிருக்கிறார். செஞ்சி நாயக்கனுக்கு அடங்கியவன். ஆற்றுக் கழிகளையும் கப்பல் வழியையும் கையில் வைத்திருந்தவன். பகைவர்களை முதலைக்கு இட்டான் என்று பெயர் எடுத்தவன். தஞ்சை ரகுநாத நாயக்கர் அவனைத் தோற்கடித்ததை அந்த அரசவையின் வடமொழிக் காவியங்கள் கொண்டாடுகின்றன. பகைவர்கள் எழுதியது என்பதை நினைவில் வைத்துத்தான் முதலைக் கதையைப் படிக்க வேண்டும். ஆனால் முதலை கற்பனையில்லை: சிதம்பரத்தைச் சுற்றிய பழைய கொள்ளிடத்துக் கரை ஊர்களில் இன்றும் முதலை பிடிக்க வனத்துறைக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

1749-ல் தஞ்சை அரியணைக்கு உரிமை கேட்டு வந்த ஒரு மராட்டியருக்கு உதவுவதாகச் சொல்லிப் புறப்பட்ட ஆங்கிலேயர், முதல் முயற்சியில் புயலில் சிக்கித் திரும்பி, இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் தலைமையில் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். மதில் உடைப்பில் முன்னால் ஓடியவர் ராபர்ட் கிளைவ் என்ற இளைஞர். கோட்டை கைக்கு வந்ததும் உரிமை கேட்டு வந்தவரைக் கைவிட்டுத் தஞ்சை அரசரோடேயே உடன்பாடு செய்துகொண்டார்கள். இத்தனை பேர் ரத்தம் சிந்திய கோட்டை எங்கே என்று பார்த்தால் ஆறும் மணலும்தான். இந்த முகத்துவாரம் கல்லால் கட்டியதை வைத்துக்கொள்வதில்லை. வற்றமும் ஏற்றமும் தெரிந்து வந்துபோகிறவர்கள்தான் இங்கே நிலைத்திருக்கிறார்கள்.

சிதம்பரத்துக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. காலையில் கோயில். ஊர் பார்க்க வந்தவனுக்கு இந்தக் கோயிலின் சுவர்கள் பெரிய ஆவணக்காப்பகம். காம்போஜ நாட்டு அரசன் முதலாம் குலோத்துங்கனிடம் காட்டிய ஒரு கல்லை இங்கே பதித்த செய்திகூட 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த கல்லுக்கு இடம் உண்டு. காலால் நீரோட்டம் அறிந்து இறால் பிடித்தவர்களுக்கு ஒரு வரி இந்தச் சுவரில் இருக்கும் என்று நான் எதிர்பார்த்து வரவில்லை.

ஆனால் பிச்சாவரத்துக்கு இங்கே ஒரு இடம் உண்டு. சோழர் வழி என்று சொல்லிக்கொண்ட பிச்சாவரம் பாளையக்காரர்கள், சோழனார் என்ற பட்டம் தாங்கியவர்கள், தில்லையில் தீட்சிதர்கள் கையால் அபிஷேகமும் முடியும் பெறுகிற வழக்கத்தைத் தொடர்ந்துவந்தார்கள். பேரரசு போய், நாடு போய், கடைசியில் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு ஜமீன் மட்டும் மிஞ்சிய பின்னும், தில்லை ஒப்புக்கொண்டால் அரசன் அரசன்தான். பிச்சாவரத்திலிருந்து சிதம்பரம் வந்து, யார் என்று எழுதி வாங்கிப்போவது பழைய பழக்கம்.

இருளர்களும் அதற்கே சிதம்பரம் வருகிறார்கள். பழங்குடிச் சான்றிதழைக் கோட்ட அளவிலான அதிகாரிதான் தர வேண்டும். இவர்களுக்கு அது சிதம்பரம். கோயிலிலிருந்து வெளியே வந்து பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது கிள்ளைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைப் பார்த்தேன். பாட்டி, மகள், பேரன். பேரனுக்குச் சான்றிதழ் கையில் வந்துவிட்ட நாள். பாட்டி அதை மஞ்சள் பைக்குள் இருந்த புடவை மடிப்பிலிருந்து எடுத்து, "தம்பி, இதுல பேரு சரியாப் போட்டிருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். பையனே படிப்பான், ஒன்பதாவது முடித்தவன். ஆனால் பாட்டிக்கு அந்நியர் ஒருவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், வட்டம், இருளர் என்ற சொல், எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். பாட்டி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"ஜெராக்ஸ் கடை எங்க இருக்கு? பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு, உதவித்தொகைக்கு ஒண்ணு, இவ தம்பி பசங்களுக்கு மனு போட ஒண்ணு" என்று விரல் மடித்தார். எதிர்ச் சாரியில் இருந்த கடைக்கு எல்லோருமாகச் சாலையைக் கடந்தோம். "பத்தா எடுத்துடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னது மகள்.